கோடு விழாத கண்ணாடி

வில்பட்டியிலிருந்து கொடைக்கானல் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"எனக்கு மாப்பிள்ளை அமைஞ்சதே கார் கண்ணாடியாலதான்டி."

"என்னடி சொல்ற?"

"பொண்ணு பாக்க வரணும்னு அவரு கார் கண்ணாடிய ஈரத்துணியால தொடச்சு, காயுறதுக்குள்ள பேப்பரால தேச்சிருக்காரு. ஒரு கோடு இல்ல. கண்ணாடி இருக்கதே தெரியல. எங்க வாசல்ல வந்து நின்னதும், தெறந்து கெடக்குன்னு நெனச்சு அவங்கப்பா வெத்தல எச்சியத் துப்பிட்டாரு. திரும்பித் தெறிச்சு அவங்கப்பா வெள்ளச்சட்டையெல்லாம் செவப்பு!"

"ஐயய்யோ! அப்பாவ ஏசினாரா?"

"இல்லடி, விழுந்து விழுந்து சிரிச்சாரு. பெறகு தன் புதுச்சட்டையக் கழட்டி அவருக்குப் போட்டுவிட்டு, பழைய ஸ்வெட்டரோட எறங்குனாரு. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். காப்பி கொண்டு போறதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட சரின்னுட்டேன்."