கைகளை இறக்காத ஆர்விட் ஹால்வர்சன்

மேடையில் வீற்றிருக்கும் ஹார்ன்பி நகர இசைக்குழுவின் அறங்காவலர் குழுத் தலைவர் திரு. வால்டர் ப்ரெக் அவர்களே, மேயர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி லூயெல்லா ஹால்வர்சன் அவர்களே, என் பின்னால் இருக்கும் வாத்தியக்காரத் தோழர்களே, இந்தப் பனியிலும் வந்து சேர்ந்த ஊர்மக்களே! டேல் கோஸ்கியின் வணக்கம்.

நான் டிம்பனி முரசு அடிக்கிறவன். அதிகநேரம் சும்மா நின்று, எப்போதாவது சத்தம் போடுவதுதான் என் பிழைப்பு. இந்த நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பேசும்போது கொஞ்சம் சத்தம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

யார் நம் ஆர்விட் ஹால்வர்சன்? பெரிய நகரங்கள் கூப்பிட்டும் போகாமல் நம் ஏரிக்கரையிலேயே இருந்த இசை நடத்துநர். ஒவ்வொரு குளிர்காலத்திலும் 'நம் முன்னோடிகள்' என்று ஒரு கச்சேரி வைத்து, நூறு வருடத்துக்கு முன் இந்த நாட்டில் புதிதாக இசை எழுதத் துணிந்தவர்களை உயிரோடு எழுப்பியவர். ஐரோப்பாவின் மேதைகளை வாசிக்க உலகமே இருக்கிறது, நம்மவர்களை நாம் வாசிக்காவிட்டால் யார் வாசிப்பார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் கேட்டார். தீயணைப்பு நிலையத்தில் கேட்டார். முடிவெட்டப் போன இடத்திலும் கேட்டார். பாதி முடியோடு திரும்பிப் பேசி, காதில் கத்தரி பட்டுக் கட்டோடு ஒத்திகைக்கு வந்த மனிதர் அவர்!

நான் சேர்ந்த புதிதில் என் முரசைக் கேட்டுவிட்டு வாசிப்பை நிறுத்தினார். ரொம்ப அழகாக அடிக்கிறேன் என்று குறை சொன்னார். "டேல், இது வியன்னா இல்லப்பா. ரயில் யார்டுக்குப் போ. சரக்குப் பெட்டிய கோத்து விடுற சத்தத்தக் கேட்டுட்டு வா. இத எழுதுன அம்மா அதக் கேட்டுட்டுதான் எழுதியிருக்காங்க." போனேன். விரல் விறைத்துப்போய்த் திரும்பினேன். அன்றிலிருந்து என் கையே வேறு.

அவர் சொன்ன அந்த அம்மா, நம் ஊர்க்காரர் கோரா எல்ட்ரிட்ஜ். அவருடைய 'ஏரி சிம்பொனி'தான் ஆர்விட் கடைசியாக நடத்திய கச்சேரி. அன்று நடந்ததை இங்கே எல்லோரும் அறிவீர்கள். அறிந்தும் யாரும் பேசவில்லை. ஆகவே நான் பேசுகிறேன்.

அந்தச் சிம்பொனி முடியப்போகும் இடத்தில் ஒரு பெரிய ஓசை எழும்பி, சட்டென்று நின்றுவிடும். பிறகு ஒரு நீண்ட மௌனம். ஏரி உறைவது போல என்று கோரா எழுதி வைத்திருக்கிறார். மௌனத்துக்குப் பிறகுதான் உண்மையான முடிவு வருகிறது. அன்று ஓசை நின்றதும் நீங்கள் கைதட்டினீர்கள். இன்னும் முடியவில்லை என்று நடத்துநர் கைகளை உயர்த்தியபடியே நின்றார். நீங்கள் எழுந்தீர்கள். கோட்டு மாட்டினீர்கள். காரைச் சூடாக்க வேண்டுமே, நெரிசலுக்கு முன் கிளம்ப வேண்டுமே! பாதி அரங்கம் காலியானது. அவர் கைகளை இறக்கவில்லை. தோள் நடுங்குவதை நான் பார்த்தேன். கதவுச் சத்தம் அடங்கிய பிறகு, மிச்சமிருந்தவர்களுக்கு முடிவை வாசித்தோம்.

இசை நடத்துநர் தன் மக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வாழ்கிறவர். உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. முரசுக்காரன் எனக்குத் தெரியும். அதனால் உள்ளே வந்ததும் என்னைத்தான் கேட்டார்.

"நீதானே அவங்களப் பாத்துக்கிட்டு நின்ன. மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"பாதிப் பேருக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

"மீதிப் பேரு?"

"தெரியல. கோட்டுக் கைய தேடிக்கிட்டு இருந்தாங்க."

சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. அந்த அப்பாடா ஆட்களைத்தான் மறுபடி கூப்பிட வேண்டும், முடிவைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும் என்றார்.

மறுவாரம் அறங்காவலர் கூட்டம். வாத்தியக்காரர்கள் சார்பில் நானும் இருந்தேன். திரு. ப்ரெக், நீங்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஆர்விட், பாதிக் கச்சேரியில ஜனம் எழுந்து போயிருச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"முடிஞ்சுதுன்னு நெனச்சுப் போனாங்க வால்டர். நம்ம ஊர்ல பிடிக்கலன்னு யாரு எழுந்து போயிருக்கா? பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்துல்ல இருப்பாங்க. வர்ற ஏப்ரல்ல இன்னொரு தடவ வாசிக்க விடுங்க."

யோசிக்கலாம் என்றீர்கள். வரும் செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு என்றீர்கள். அதற்குள் ஆர்விட் ஹால்வர்சனின் இதயம் நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தால்தான் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவரும் சொல்லவில்லை. ஆனால் பதில் தெரியாமலே அந்த மனிதர் போய்விட்டாரே! அதை நினைத்தால் என்னால் தூங்க முடியவில்லை.

வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. அதற்குள் சற்று முன் திரு. ப்ரெக் ஓர் அறிவிப்புச் செய்தார். ஏப்ரலில் ஆர்விட் நினைவாகத் திரைப்பட இசை மாலை! நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். திரை இசையை நான் இழிவாகப் பேசவில்லை, அதில் முரசுக்கு நிறைய வேலை. ஆனால் எந்தக் கச்சேரிக்காகக் கடைசிவரை வாதாடினாரோ, அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, அதன்மேல் அவர் பெயரை எழுதுவதா? இதுவா அஞ்சலி? அவர் மனைவி லூயெல்லா அம்மையார் இதற்குச் சம்மதிக்கவில்லை. காலையில் என்னிடம் சொன்னார். "அவரு பேரு வேணும்னா அவரு இசையும் வேணும். ரெண்டும் சேந்து இல்லாட்டி சும்மா விட்டுருங்க."

தோழர்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்திருக்கிறோம். 'நம் முன்னோடிகள்' நிற்காது. அரங்கம் கிடைத்தால் அரங்கில் வாசிப்போம். கிடைக்காவிட்டால் தீயணைப்பு நிலையத்தில், வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு வாசிப்போம். ஆர்விட் ஹால்வர்சனுக்கு இது எங்கள் வாக்கு.

கடைசியாக மௌன அஞ்சலி. வழக்கமாக எழுந்து நிற்போம். இன்று தயவுசெய்து யாரும் எழ வேண்டாம். கைதட்டவும் வேண்டாம். மௌனம் நீளும், பொறுத்திருங்கள். நடத்துநர் மேடை காலியாகத்தான் இருக்கும். முதல் வயலின் ஹெடி தலையசைத்ததும், அன்று நீங்கள் கேட்காமல் போன முடிவை வாசிப்போம்.

திரு. ப்ரெக், அன்று முதலில் கார் நிறுத்துமிடத்துக்குப் போனவர்களில் நீங்களும் ஒருவர். நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் வேண்டாம் என்றே வாக்களிக்கலாம், அது உங்கள் உரிமை. கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.