கருவேலத்தின் புதுப் பெயர்

“கருவேலம் இனிமே அக்கேசியா இல்ல, செல்வி. டிஎன்ஏவப் பாத்து வேற பேரினத்துல சேத்துட்டாங்க. நம்ம காலேஜுல காஞ்ச செடி ஒட்டி வச்சிருக்கிற தாள்லயெல்லாம் பேர மாத்தணும்.”

கீழக்குயில்குடியிலிருந்து திரும்பும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். அந்த மனிதர் மடியில், செய்தித்தாளில் சுற்றிய கருவேலங்கொப்பு.

“சார், மாலை போட்டு மாட்டியிருக்கேன்ல, எங்க வீட்டுக்காரரு போட்டோ, நம்ம கல்யாணத்துக்கப்புறம் அத என்ன செய்ய?”

அவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

“தாள்ல பழைய பேரக் கிழிச்சா போடுறோம்? அத அப்படியே விட்டுட்டு, புதுச அதுக்குக் கீழதான ஒட்டுறோம்.”

அந்த அம்மா பொட்டலத்தைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

“இம்புட்டு நேரமா முள்ளு குத்தியிருக்கும். சொல்லவே இல்ல.”