சைஃபுவின் கணினியில் நான் தவறாக வைத்த நேரம்

என் பெயர் வெய்ன்ஷெத். தகப்பனார் பெயர் காசா. வயது இருபத்தொன்பது. வர்க்கா மேடா ஊரில் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ரேடியோ, கைப்பேசி, கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கணவர் இல்லை, ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். எங்கள் நாட்டு ஹிதார் மாதம் 15ஆம் தேதி திங்கட்கிழமையாகிய இன்று, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். பயந்துகொண்டேதான் சொல்கிறேன் என்பதையும் எழுதச் சொன்னேன். அது தேவையில்லை என்றார் சார்ஜென்ட். தேவை என்றேன்.

இம்மாதம் 9ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை இரண்டு மணிக்கு, அதாவது விடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, நில அலுவலகத் தலைவர் சைஃபு எனக்குப் போன் செய்தார். "என் மெஷின் செத்துப்போச்சு. நேத்து மதியத்துல இருந்து அப்படியே கிடக்கு. யார்கிட்டயும் சொல்லாம சட்டுனு வா" என்றார். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, சார்ஜில் இருந்த போனைக்கூட எடுக்காமல், கருவிப் பையுடன் ஓடினேன்.

மேற்படி கணினி அவருடைய தனி அறையில் இருந்தது. பொத்தானை அழுத்தினால் காற்றாடி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிடும், திரை இருட்டாகவே இருக்கும். முதலில் சுவர் பிளக்கை டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், மின்சாரம் வந்தது. அதன் பிறகு வயரை மாற்றிப் பார்த்தேன். அதன் பிறகு பெட்டியைத் திறந்து பவர் சப்ளையைத் தனியாகச் சோதித்தேன், அதிலும் குற்றமில்லை. உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தூசி. ரேமைக் கழற்றி அதன் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகியதும் ஒரு பீப் சத்தம் கேட்டது. திரை எழுந்தது, ஆனால் நேரம் தொலைந்துவிட்டது என்று சொல்லிக் கறுப்பாகவே நின்றது. உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. என் பையில் இருந்த புதியதைப் போட்டேன்.

அதன் பிறகு கணினி தேதியும் நேரமும் கேட்டது. இங்கேதான் என் தப்பு. நாளைக்கு இதைப் படிப்பவர் வெளிநாட்டு ஆளாக இருந்தாலும் விளங்க வேண்டும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சூரியன் உதிக்கும்போது மணி பன்னிரண்டு, அங்கிருந்து எண்ணுவோம். கணினி வெளிநாட்டுக் கணக்கில் நள்ளிரவிலிருந்து எண்ணும். இரண்டுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். இந்தத் தொழிலில் ஒன்பது வருடமாக அந்த ஆறைக் கூட்டித்தான் போடுவேன். அன்று சைஃபு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் என்னம்மா தடவிக்கிட்டு இருக்கே? சமையலா பண்றே?" என்று விரட்டினார். தேதியைச் சரியாகப் போட்டேன். நேரத்துக்கு என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அதில் இருந்தபடியே மூன்று மணி ஐந்து நிமிடம் என்று தட்டிவிட்டேன். ஒன்பது மணி ஐந்து நிமிடம் என்று போட்டிருக்க வேண்டும்.

மறுபடி அணைந்துவிடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகும்படி சைஃபு சொன்னதால் நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்தேன். காப்பிக்காரி முதல் சுற்று ஊற்றிக் கொடுத்தாள். அப்போது மாவு மில் முதலாளி மெர்ஷா வந்து உள்ளே போனார். கதவு ஒருக்களித்திருந்தது. சைஃபு நாற்காலியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார், மெர்ஷா அவர் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது சுற்றுக் காப்பி குடித்து முடிக்கும்வரை அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் போகவில்லை. புறப்படும்போது சைஃபு வாசல்வரை வந்து, "நீ இன்னிக்கு இங்க வரவே இல்ல, சரியா?" என்றார். பெரிய மனிதர்கள் தங்கள் மெஷின் கெட்டதை வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

12ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மிக்காயேல் திருநாள் அன்று, மேற்படி அலுவலகத்தின் இரவுக் காவலாளி ஷிமெலிஸ் அண்ணனைக் கைது செய்தார்கள். மறுநாள் அவர் மனைவி என் கடைக்கு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பக்கத்து வீட்டு விதவை திருவொர்க்கின் நிலப் பதிவு கணினியிலிருந்து அழிக்கப்பட்டிருக்கிறதாம். "எங்களுக்கும் அவளுக்கும் வேலிச் சண்டை இருந்தது நிஜந்தான், தங்கச்சி. அதுக்காக எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன் கம்ப்யூட்டர்ல கை வைப்பாரா? சாவி அவர்கிட்ட இருந்துச்சாம். ராத்திரி ஒன்பது இருபதுக்கு அழிச்சாராம். அந்த மெஷினே சொல்லுதாம். ஸ்டேஷன்ல அடிச்சதுல ரெண்டு பல்லு போச்சு தங்கச்சி, ரெண்டு பல்லு" என்று அழுதார்.

இரவு ஒன்பது இருபது என்று கேட்டதும் விரல் விட்டு ஆறைக் கழித்துப் பார்த்தேன். சைஃபு காவல்துறைக்குக் கொடுத்த தாளில் செவ்வாய்க்கிழமை, மூன்று மணி இருபது நிமிடம் என்று இருந்திருக்கிறது. கணினி நேரம் வெளிநாட்டுக் கணக்குத்தானே என்று இங்கே முறைப்படி ஆறைக் கூட்டியிருக்கிறார்கள். எங்கள் கணக்கில் விடிய மூன்று மணி நேரம்கூட இல்லாத இரவு ஒன்பது இருபது என்று வந்திருக்கிறது. காவல்துறையின் கணக்கில் பிழை இல்லை, நான் வைத்த நேரம்தான் பிழை. உண்மையில் அது எங்கள் கணக்கில் காலை மூன்று இருபது. நான் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரம். காவலாளி வேலை முடிந்து வீட்டில் தூங்கும் நேரம். அதுவும் போகட்டும், அந்த இரவு முழுவதும் மெஷின் பிணமாகக் கிடந்தது, அதை எழுப்பியவளே நான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அவர் மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இப்போது என்னையே காறித் துப்பத் தோன்றுகிறது.

இன்று காலை இரண்டு மணிக்கு சைஃபு என் கடைக்கே வந்தார். கல்லாவில் சாய்ந்து நின்று, "கடிகாரம் கொஞ்சம் தப்பா ஓடுதும்மா. நாளைக்கு தெசியே டவுன்ல இருந்து கம்ப்யூட்டர் நிபுணர் வர்றாரு. அதுக்குள்ள சரி பண்ணிரு" என்றார். அதன் பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "பொண்ணு எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறா?" என்று கேட்டார். கேட்ட குரல் அத்தனை அன்பாக இருந்தது. அந்த நேரத்தைச் சரி செய்துவிட்டால் இந்த ஊரில் ஷிமெலிஸ் அண்ணனுக்கு வேறு சாட்சி கிடையாது. "அதுக்கு ஒரு சாமான் வாங்கணும் ஐயா, மதியம் வந்து பண்ணித் தர்றேன்" என்று பொய் சொன்னேன். அவர் போனதும் மகளை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கடையைக்கூடப் பூட்டாமல் நேராக இங்கே வந்தேன்.

அந்தக் கணினி இப்போதும் ஆறு மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. சைஃபு வேறு ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால், இன்றே, இப்போதே போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நேரத்தைத் தவறாக வைத்தது நான். அதற்குத் தண்டனை உண்டென்றால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் சார்ஜென்ட் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். மூன்றாவது பத்தி வாசிக்கும்போது சுவருக்கு அந்தப்பக்கம் லாக்கப்பில் யாரோ இருமுவது கேட்டது. யார் என்று கேட்டேன். சார்ஜென்ட் தலையைக் குனிந்துகொண்டார். முதலிலிருந்து திரும்பவும் வாசிக்கச் சொன்னேன். "காது கேக்கலையா தங்கச்சி?" என்றார். "எனக்கு நல்லாக் கேக்குது சார். அந்தப் பக்கம் கேக்கணும், சத்தமா வாசிங்க" என்றேன். வாசித்தார். முடியும்வரை இருமல் வரவில்லை.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் செய்ததும்தான். யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொன்னதல்ல. மிரட்டியவர் சொல்ல வேண்டாம் என்றுதான் மிரட்டினார். இருமுறை வாசிக்கக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெய்ன்ஷெத் காசா