எந்த ஜூ?

அக்கா: கண்ணாடியைக் கழட்டாத. போட்டுக்கிட்டே பாரு. இது என்ன மாசம்?

சோடாபுட்டி: எதுக்கா?

அக்கா: நம்ம கண் ஆஸ்பத்திரி ஆப்ல இருந்து போன மெசேஜ். "உங்கள் அடுத்த கண் பரிசோதனை: ஜூ 9, காலை 10.30." என்ன மாசம்?

சோடாபுட்டி: ஜூன்.

அக்கா: ஏன், ஜூலையா இருக்கக் கூடாதா?

சோடாபுட்டி: ...இருக்கலாம்.

அக்கா: ஆஸ்பத்திரிக்கு எப்போ போகணும்னு கேட்டா, "இருக்கலாம்"ங்கிற!

சோடாபுட்டி: நீங்க நேத்து லீவு போட்டதுக்கும் சேர்த்து இன்னைக்குத் திட்டுறீங்களா? இன்னும் டீ கூடக் குடிக்கல.

அக்கா: டீ எங்கேயும் ஓடிப் போகாது. தமிழ்ல மாத்திக் கொடுக்கிறது என் வேலை. பன்னிரண்டு மாசத்தையும் முழுசா எழுதிக் கொடுத்தேன். வாலை நறுக்கினது யாரு?

சோடாபுட்டி: திரையில தேதி வர்ற பெட்டி சின்னதுக்கா. செப்டம்பர், அக்டோபர் எல்லாம் ரெண்டாவது வரிக்கு இறங்குது. டிசைன் பண்றவரு கத்துறாரு. அதான் குறுக்கின பேரை எடுத்துப் போட்டேன். நானா கண்டுபிடிக்கல, எல்லாரும் பயன்படுத்துற பட்டியல்லயே இருக்கு.

அக்கா: ரெண்டு மாசத்துக்கும் ஒரே பேரா?

சோடாபுட்டி: அது காலண்டர் தலைப்புல போடுறதுக்கு. வரிசையா நின்னா, மே பக்கத்துல இருக்கிறது ஜூன், ஆகஸ்ட் பக்கத்துல இருக்கிறது ஜூலைன்னு தெரிஞ்சிடும். தனியா நின்னா...

அக்கா: தனியா நின்னா ரெட்டைப் புள்ளைங்க. எது எதுன்னு பெத்தவளுக்கே தெரியாது. இந்த மெசேஜ் வாங்கின ஆளு நேத்து, ஜூலை ஒன்பது, சரியா பத்தரைக்குப் போய் நின்னிருக்காரு.

சோடாபுட்டி: நாள் கொடுத்தது...

அக்கா: ஜூன்ல.

சோடாபுட்டி: சரி... ஒரு மாசம்தானே. வேற நாள் கொடுத்திருப்பாங்க.

அக்கா: கண்ணுல அழுத்தம், தம்பி. அந்தத் தேதி வரைக்கும்தான் சொட்டு மருந்து. பாட்டில் தீர்ந்ததும், அடுத்த தடவை போறப்ப வாங்கிக்கலாம்னு விட்டுட்டாரு. வலிச்சாவாவது ஓடியிருப்பாரு. அந்த வியாதி வலிக்காதாம். சத்தம் போடாம ஓரத்துல இருந்து பார்வையைத் தின்னுக்கிட்டே வருமாம்.

சோடாபுட்டி: எவ்வளவு போச்சு?

அக்கா: இடது கண்ணுல, பக்கத்துல வர்றது தெரியல. போனது போனதுதான்னுட்டாங்க.

சோடாபுட்டி: என்ன வேலை பார்க்கிறாரு?

அக்கா: லாரி ஓட்டுறாரு. இருபத்தாறு வருஷமா. இனிமே ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாதாம்.

சோடாபுட்டி: யாருக்கா அவரு?

அக்கா: ஒரு ஆளு. அது இப்ப முக்கியமில்ல.

சோடாபுட்டி: இருங்க, முதல்ல இதை மாத்துறேன். முழு மாசமும் வரட்டும். ரெண்டு வரி ஆனா ஆகட்டும்.

அக்கா: கிழமையையும் சேர்த்துப் போடு. மாசத்தைத் தப்பாப் படிச்சாலும் கிழமை இடிக்கும்ல.

சோடாபுட்டி: போட்டாச்சு.

அக்கா: இது இனிமே போற மெசேஜுக்கு. ஏற்கனவே போய்ச் சேர்ந்தது?

சோடாபுட்டி: தேடுறேன்... தமிழ்ல மெசேஜ் வாங்கினவங்க... ஜூன்ல நாள்... வராதவங்க... இருபத்து மூணு பேர்.

அக்கா: அய்யோ.

சோடாபுட்டி: ஏழு பேர் இந்த மாசம் அதே தேதிக்கு வந்துட்டாங்க. மீதி பதினாறு பேர் இன்னும் தேதி வரலன்னு வீட்லயே உட்கார்ந்திருக்காங்க போல.

அக்கா: ஆஸ்பத்திரியில நேத்தே பேசிட்டேன். கூப்பிட்டுச் சொல்லுங்க, வந்தா வரிசையில நிக்க வைக்காம பார்க்கிறோம்னாங்க. எட்டு உனக்கு, எட்டு எனக்கு.

சோடாபுட்டி: மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை...

அக்கா: சொல்லுவோம். பதினாறு பேரையும் கூப்பிட்டுட்டு.

சோடாபுட்டி: என்னன்னு சொல்றதுக்கா?

அக்கா: உங்க தேதி ஜூலை இல்ல, ஜூன். தப்பு எங்களோடது. இன்னைக்கே போங்க. அவ்வளவுதான். பூசி மெழுகாத.

சோடாபுட்டி: ஹலோ... வணக்கம்மா. கண் ஆஸ்பத்திரி ஆப் இருக்குல்ல, அது செய்ற கம்பெனியில இருந்து...

போன் குரல்: லோன் எல்லாம் வேணாம்ப்பா.

சோடாபுட்டி: லோன் இல்லம்மா! உங்க கண் பரிசோதனை... இருபத்தி நாலாம் தேதிதானே?

போன் குரல்: ஆமா, வர்ற இருபத்தி நாலு. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

சோடாபுட்டி: அது போன மாசம்மா. ஜூன். நாங்க மாசத்தைச் சரியாப் போடல.

போன் குரல்: அப்படியா... நான்தான் சரியாப் படிக்கலையோ?

சோடாபுட்டி: நீங்க சரியாத்தான் படிச்சீங்க. சொட்டு மருந்து இருக்கா?

போன் குரல்: அது தீர்ந்து பத்து நாளாச்சே.

சோடாபுட்டி: இன்னைக்கே கிளம்புங்கம்மா. தயவுசெஞ்சு. உடனே பார்ப்பாங்க.

அக்கா: உன் பக்கம் எத்தனை முடிஞ்சுது?

சோடாபுட்டி: எட்டும். ஒருத்தர் வெளியூர்ல இருக்காரு, நாளைக்குப் போறேன்னாரு. உங்களுக்கு?

அக்கா: ஒண்ணு எடுக்கல. திரும்பத் திரும்ப அடிச்சு, கடைசியில மருமக எடுத்தா. கூட்டிட்டுப் போறேன்னா.

சோடாபுட்டி: அக்கா... அந்த லாரிக்காரர்கிட்ட நான் பேசணும்.

அக்கா: எதுக்கு?

சோடாபுட்டி: மன்னிப்புக் கேட்கணும்.

அக்கா: பெட்டி சின்னதா இருந்ததுக்கா?

சோடாபுட்டி: இல்லக்கா. மே மாசமே ஒருத்தர் ஆப்ல எழுதிக் கேட்டிருந்தாரு. "இது எந்த ஜூ?"ன்னு. நான் படிச்சேன். வீட்டுக்குக் கிளம்புற நேரம்... "பிழை எதுவும் இல்லை"ன்னு பதில் போட்டு மூடிட்டேன். இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன். எழுதினது அவரேதான்.

அக்கா: தெரியும்.

சோடாபுட்டி: தெரியுமா? தெரிஞ்சும் காலையில இருந்து ஒரு வார்த்தை கேட்கல...

அக்கா: எந்த வாயால கேட்கிறது? உன் பதில் வந்ததும் என் வீட்டுக்காரரு போனை என்கிட்டதான் நீட்டினாரு. "உன் ஆபீஸ் ஆப்தானே, நீயே சொல்லு, எந்த மாசம்?"னாரு. நான் செருப்பை மாட்டிக்கிட்டே எட்டிப் பார்த்து, "ஜூலைதாங்க, இதுகூடவா தெரியாது"ன்னுட்டு வேலைக்கு வந்துட்டேன்.