கீழேருந்து எடுத்த ஷாட்டு

இன்டர்வெல்லு வரைக்கும் கேட்ட தொறக்கக் கூடாதுன்னு ஓனரு சொல்லியிருக்காரா? சொல்லட்டும்ணே. ஒரு ஆளு போற அளவுக்குத் தொறயேன். வயித்துவலின்னு வச்சிக்கயேன்.

இல்ல, படம் நல்லாத்தான் இருக்குது. நானும் அதுல இருக்கறேன். சிரிக்காதண்ணே. போன வருசம் நம்ம ராஜகிரி கோட்டையில எடுத்தாங்களே, அதான் இது. ராணி வேசம் கட்டுன அம்மா, கல்லு சுடுது, படி ஏற மாட்டேன்னுட்டாங்க. நான் கீழ மல்லாட்டக் கொல்லையில களை எடுத்துக்கினு இருந்தேன். உயரம் சரியா இருக்குதுன்னு இட்டுனு போயி அவங்க பொடவையவே கட்டி உட்டாங்க. டூப்பாம்.

அங்க ஒரு அசிஸ்டென்ட்டு தம்பி எல்லாம் சொல்லிக் குடுத்துச்சு. தூரத்துலேருந்து எடுத்தா லாங் ஷாட்டு, மூஞ்சி தெரியாது. மூஞ்சிய மட்டும் எடுத்தா குளோசப்பு, அதுக்கு அந்தம்மா வந்துடுவாங்க. அப்பறம் கேமராவ பள்ளத்துல எறக்கி வச்சிட்டு, இது லோ ஆங்கிளு அக்கா, கீழேருந்து எடுத்தா ராணி பெரிய ஆளாத் தெரிவா, அது ஒரு மரியாதைன்னுச்சு. மழ சீனுன்னு தண்ணிய ஊத்தி, பொடவைய தூக்கிச் செருகிக்கினு ஏறச் சொன்னாங்க. நானும் ராணியாட்டம்தான் ஏறுனேன், போ.

தெருவுக்கே பாடம் எடுத்தேண்ணே. லோ ஆங்கிளு இன்னா, அதுல இன்னா மரியாதைன்னு. இன்னிக்கு வல்லத்துலேருந்து எங்க தெருப் பொம்பளைங்க அத்தினி பேரையும் நாந்தான் இட்டாந்தேன். உள்ள குந்திக்கினு இருக்குதுங்க.

இப்பதான் வந்துச்சு அந்த சீனு. ராணி எங்க இருக்கறா அதுல? ஈரப் பொடவையும் என் பின்பக்கமும், திரை பூரா அதான். ஒடம்பே கூசிப் போச்சு. செத்துடலாம்போல இருந்துச்சு.

மூஞ்சி தெரியலியே, யாருக்குத் தெரியப் போவுதுங்கறியா? வாஸ்தவந்தான். முன்னாடி பெஞ்சிலேருந்து விசிலு பறக்குது, பக்கத்து வூட்டு லட்சுமியம்மா, சூதுவாது தெரியாத மனுசி, எழுந்து நின்னு, அது நம்ம ராஜாம்பாளுடின்னு கொட்டாயே கேக்கறாப்ல கத்திச்சு.

அழலண்ணே. மொத விசிலு அடிச்சது என் கூடப்பொறந்த தம்பி. தாண்டவராயன். அவலூர்பேட்டையில கடையில இருக்கறான், சேக்காளிங்களோட வந்திருக்கறான். திட்டுவான்னு அவனுக்கு மட்டும் நான் நடிச்சத சொல்லல. பேரு காதுல உழுந்ததும் திரும்பிப் பாத்தான். அப்ப குனிஞ்ச தல, இன்னும் நிமிரல.

லைட்டு போட்டா நான் இருக்கறனான்னு தேடுவான். நான் இல்லன்னாத்தான் அவன் எழுந்து வெளிய வருவான். தொறண்ணே.