குழலில் நின்ற குண்டு

காதுமூடி போட்டுக்கொண்டால் எதுவும் கேட்காது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். நான் போடுவது பேட்டரியில் ஓடும் வகை. பெரிய சத்தத்தை அது அமுக்கிவிடும். சின்னச் சத்தத்தைக் காதருகில் கொண்டுவந்து வைக்கும். வெற்றுத் தோட்டா சிமென்ட் தரையில் உருள்வது, வேலிக்கு அப்பால் காய்ந்த புல் உரசிக்கொள்வது, பக்கத்தில் நிற்பவர் எச்சில் விழுங்குவது எல்லாம் கேட்கும். என் மனைவி ஜோலீன் வாங்கித் தந்தது. நல்ல பொருள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் நீங்கள் எழுதிக்கொண்டு போனதில் ஒரு தவறு இருக்கிறது. என் தங்கை மகள் பிரிட்டாவின் கையில் அந்தப் புதுக் கைத்துப்பாக்கி வெடித்ததே, அதற்கு முன்னால் வந்த சத்தம் சுடும் களப் பாதுகாவலர் ஓரின் ஹாகனுக்கு, அதாவது எனக்கு, கேட்டிருக்காது, வயதாகிவிட்டதால் காது மந்தமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ சொல்லி எழுதியிருப்பீர்கள். ஷெரிஃப் அலுவலகத்தில் உங்களைப் போன்ற இளைஞர்கள் சிரத்தையாகத்தான் வேலை செய்கிறீர்கள், குறை சொல்லவில்லை. திருத்தினால் போதும். அதற்காகத்தான் உங்களை வரச் சொன்னேன்.

பிரிட்டாவின் அப்பா கர்ட் லிண்ட்வால். என் தங்கை மார்லிஸின் புருஷன். எங்கள் சுடும் சங்கத்துக்குத் தலைவரும் அவன்தான். தோட்டாக்களைக் கடையில் வாங்க மாட்டான். கார் கொட்டகையில் உட்கார்ந்து தானே தயாரிப்பான். பக்கத்தில் டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டம் சூடுபிடிக்கும்போது கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், கண் டிவியில் இருக்கும். நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஒரு தோட்டாவில் வெடிமருந்து போட மறந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அடியில் இருக்கும் பொட்டுவெடி மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளும். குண்டு பாதி வழியில் நின்றுவிடும். வழக்கமான இடி வராது, ‘டப்’ என்று ஒரு ஈரச் சத்தம்தான் வரும். அதற்கு மேல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் அது வெளியே போக வழி கிடையாது, துப்பாக்கியே கையில் வெடிக்கும். அதனால்தான் அந்தச் சத்தம் கேட்டால் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று கத்தலாம் என்பது எல்லாக் களத்திலும் உள்ள விதி. கத்தியது குழந்தையாக இருந்தாலும் அத்தனை பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்தாக வேண்டும்.

போன இலையுதிர் காலத்தில், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, நான் அப்படிக் கத்தினேன். குறி சரிபார்க்க ஊரே வந்திருந்தது. வரிசை முழுக்க நின்றுபோனது. ஹாவ்ரே ஊரிலிருந்து வந்திருந்த ஒருவரின் துப்பாக்கியைப் பிரித்து, குழலை வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. பின்னால் பெஞ்சில் யாரோ கோக் கேன் திறந்திருக்கிறார்கள்.

“மச்சான், கோக் கேன் வெடிச்சு இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல,” என்றான் கர்ட். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அது அங்கேயே முடிந்திருக்கலாம். கர்ட் முடிக்கவிடவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். “சுடுறவர் கையத் தூக்கினாத்தான் ஓரின் வாயத் திறக்கணும். இல்லன்னா இந்த வருஷம் ஒரு மானும் கிடைக்காது நமக்கு.” விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். அத்தனை பேரும். இருபது வருடமாகப் பாதுகாவலருக்கான அந்த ஆரஞ்சு அங்கியைப் போட்டுக்கொண்டு, அவர்கள் பிள்ளைகளின் விரலைத் துப்பாக்கி விசையிலிருந்து விலக்கிவிட்டவன் நான். என் முன்னால் உட்கார்ந்துகொண்டு கை தூக்கினார்கள்.

பிப்ரவரியில் ஜோலீன் இறந்தாள். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடை வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு, ஊறுகாய். யாரோ ஒரு பெண் ஊறுகாய் ஜாடியைத் திருகினாள், மூடி ‘டப்’ என்றது. கர்ட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, “எல்லாரும் நிறுத்துங்க, ஓரினுக்குக் கேட்டுருச்சு,” என்றான். மேசையில் இருந்த ஆட்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை மேலே தூக்கினார்கள். ஒரு நொடிதான். பிறகு எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்து கைகளை இறக்கிக்கொண்டார்கள். மார்லிஸ் சிரித்தாள். பிரிட்டாவும் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னப் பெண், நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வலது கையால் பொத்தினாள்.

மறுநாள் கர்ட் வந்து மன்னிப்புக் கேட்டான். “வாய் தவறிருச்சு மச்சான். இறுக்கமா இருந்துச்சு, கொஞ்சம் இளகட்டும்னு நினைச்சேன்.” பரவாயில்லை என்றேன். அவன் போன பிறகு பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன், வெந்நீர் தீர்ந்துபோகும் வரை. கோபம் என்றால் சத்தமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். எனக்குள் இருந்தது குளிர்காலத்துக் குழாய் மாதிரி. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இறுகிக்கொண்டே போகும்.

இனி, துப்பாக்கி வெடித்த அந்தச் சனிக்கிழமை.

பிரிட்டாவுக்கு ஜூனில் வேலை ஆரம்பம். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை. பண்ணைச் சாலைகளில் தனியாக ஓட்டிப்போக வேண்டும், பாதி இடத்தில் போனே எடுக்காது. அதனால் கர்ட் அவளுக்கு ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கியிருந்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும். இடுப்பில் செருகினால் சட்டைக்கு வெளியே தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் வந்தார்கள்.

“மாமா, இதைப் பாருங்களேன், டிவி ரிமோட் சைஸ்ல இருக்கு,” என்றாள் பிரிட்டா.

“கண்ணாடி போடு முதல்ல,” என்றேன்.

“சும்மா பாக்கத்தானே போறேன்.”

“பாக்கறதுக்கும் போடணும்.”

போட்டுக்கொண்டாள். அவள் கண் தப்பியது அதனால்தான். இதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் கர்ட் சுட்டான். துப்பாக்கி அடிக்கடி சிக்கியது. சின்னத் துப்பாக்கி, புது ஸ்பிரிங், அப்படித்தான் இருக்கும். “இறுக்கம். ஒரு இருநூறு தோட்டாவாச்சும் தின்னாத்தான் வழிக்கு வரும்,” என்றான்.

“கடைத் தோட்டா வாங்கியிருக்கலாம்லப்பா?”

“கடைக்காரன் உங்கப்பனவிட நல்லாப் போட்டுருவானா?”

“மாமா, இவர்கிட்ட சிக்காம ஓடறது வாய் ஒண்ணுதான்,” என்றாள். கர்ட்டுக்கே சிரிப்பு வந்தது.

ஒவ்வொரு முறை சிக்கும்போதும் அவன் அடியில் ஒரு தட்டுத் தட்டுவான், மேல் பாகத்தை இழுத்து விடுவான், மறுபடி சுடுவான். தட்டு, இழு, சுடு. இங்கே எல்லோர் கையிலும் ஊறிப்போன பழக்கம். யோசிக்காமல் வரவேண்டும் என்று பிரிட்டாவுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. டப்.

காற்றுகூட இல்லை அப்போது. நான் மேசைத் தொலைநோக்கி வழியாக இலக்குத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் புது ஓட்டை விழவில்லை. குண்டு குழலுக்குள் நிற்கிறது. இலையுதிர் காலத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது, கத்தினேன். இப்போது துளிச் சந்தேகமும் இல்லை.

“பாத்தியா, மறுபடியும் சிக்கிருச்சு,” என்றான் கர்ட். தட்டினான், இழுத்தான். அடுத்த தோட்டா உள்ளே போய் உட்கார்ந்தது. தலையைத் திருப்பியவன், என் வாய் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டான்.

“என்ன மச்சான், கோக்கா பெப்சியா?”

பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த நொடியில் நான் நினைத்தது கர்ட்டைத்தான். அவன் கை, அவன் தோட்டா, அவன் கொண்டுவந்த தீர்மானம். அதில் ஒரு நியாயம் இருந்ததாக எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அவன் சுடவில்லை. துப்பாக்கியைப் பிரிட்டாவிடம் நீட்டினான். “இந்தா கண்ணு, மிச்சத்த நீ சுடு. உன்னோடதுதானே.”

அவள் நின்று, கால்களை அகட்டி, முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒரு வார்த்தை சொல்வதற்கு அவ்வளவு நேரம் தாராளம். சொல்லியிருந்தால் கர்ட் துப்பாக்கியைப் பிரித்திருப்பான், குண்டைப் பார்த்திருப்பான், என்னைக் கட்டிப்பிடித்திருப்பான். “ஓரின் இல்லன்னா என் பொண்ணு போயிருப்பா” என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பான். அந்தக் கதையிலும் அவன்தான் நடுவில் நின்றிருப்பான். என்னால் அதைத் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் போய்விட்டன. என் பெல்ட்டால் அவள் மணிக்கட்டை இறுக்கிக் கட்டியவன் நான். கிரேட் ஃபால்ஸ் ஆஸ்பத்திரி வரை வண்டி ஓட்டியவனும் நான். அந்தக் கட்டு இல்லையென்றால் பாதி வழியிலேயே போயிருப்பாள் என்று டாக்டர் சொன்னார். மார்லிஸ் என் சட்டையில் முகம் புதைத்து அழுதாள்.

கர்ட் தோட்டா செய்யும் இயந்திரத்தைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினான். பார்க்கிறவரிடமெல்லாம் தன் தவறு என்கிறான். எல்லோரும் அவனை மன்னிக்கிறார்கள். அவன் வீட்டுக்குச் சமைத்துக்கொண்டு போகிறார்கள். பாவம் கர்ட். என்னையும் மன்னித்துவிட்டார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சங்கத்திலிருந்து வந்து ஆரஞ்சு அங்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். “நீங்க ஓய்வெடுங்க ஓரின். வயசானா காது அடைக்கத்தான் செய்யும், யாரும் உங்களத் தப்பா நினைக்கல,” என்றார்கள். தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இடது கையால் எழுதப் பழகுகிறாள். கோடு கோணலாகப் போகிறது. நர்ஸ் வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். நேற்று நான் சூப் ஊட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “நீங்க எதையும் மனசுல வெச்சுக்காதீங்க மாமா. உங்களுக்குக் கேட்டிருந்தா சும்மா நின்னிருப்பீங்களா?”

அவளும்கூட. அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

கேட்டது. தெளிவாகக் கேட்டது. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் என் வேலை முடிந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி, அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைக்கிறாள். விசையை அழுத்துவதற்கு முன்னால் அவள் கைகளைத் தாழ்த்தினாள். அப்பாவைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

“மாமா, இப்ப வந்த சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சே. சுடலாமா?”

நான் தலையாட்டினேன்.

உடனே திரும்பிச் சுட்டாள். மறு கேள்வி கேட்கவில்லை. இந்த ஊரில் என் சொல்லுக்கு இன்னும் மதிப்பு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.