உதாரா மரத்துக்குத் தண்ணீர்

சுட்ட மண் குழாய் நல்ல குழாய்தான், இன்ஸ்பெக்டர். இணைப்புகளைத்தான் நம்பக்கூடாது. பூச்சு விரிசல் விட்டு ஈரம் கசிந்தால், வேர் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

எங்கள் முற்றத்து உதாரா மரம் அப்படித்தான் சாக்கடைக் குழாய்க்குள் நுழைந்தது. நீங்கள் வடக்கத்தியர், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த மரத்தடியில் என் தகப்பனின் தொப்புள்கொடி இருக்கிறது. என்னுடையது, என் மகன் இஃபியாட்டுவுடையது, எல்லாம் அங்கேதான். தன் கொடி புதைந்த இடத்தைக் காட்ட முடியாத இக்போ இனத்தானை எவனும் மதிக்கமாட்டான்.

மருமகள் நெக்கெம் மரத்தை வெட்டச் சொன்னாள். "அப்பா, உங்க மரம் எங்க கக்கூஸ்ல காலை நீட்டிப் படுத்திருக்கு. நீங்க எழுப்புறீங்களா, நான் கோடாலியால எழுப்பட்டுமா?" என் மகன் சிரித்தான்.

குழாய்க்காரன் ஒக்வுச்சி கெட்டிக்காரன். உள்ளே அடைத்திருந்த வேர்க்கற்றையை உருவிப் போட்டு, "உங்களைவிட இதுக்கு முடி ஜாஸ்தி தாயி" என்று அவளைச் சீண்டினான். மரத்தை வெட்டாமலே பிளாஸ்டிக் குழாய் பதித்தான். மரத்துக்கும் குழாய்க்கும் குறுக்கே இடுப்பாழத்துக்குக் கான்கிரீட் தடுப்பு வைத்தான். அந்தப் பக்கத்து வேர்கள் அத்தனையும் அறுபட்டன.

இரண்டே மாதத்தில் மரம் மொட்டையானது. வாளி வாளியாக ஊற்றியும் பிழைக்கவில்லை. "மாமனாருக்குத் துணையா மரமும் சொட்டையாயிடுச்சு" என்றாள் நெக்கெம்.

ஒரு ஞாயிறு எல்லோரும் சர்ச் பூசைக்குப் போனார்கள். நான் தோண்டி, தடுப்பில் ஓட்டை போட்டு, குழாயின் ஒரு இணைப்பை விரலகலம் நெகிழ்த்திவிட்டு மண்ணை மூடினேன். மரம் துளிர்த்தது.

வீட்டுக் குடிநீர்க் கிணறு அங்கிருந்து பத்தடி.

மழைக்காலத்தில் கிணற்றில் வாடை வந்தது. "குழாய் எங்கயாவது ஒழுகுதா அப்பா?" என்று நெக்கெம் கேட்டாள். நான் ஓசோ பட்டம் ஏற்றவன். பொய் பேசினால் பட்டம் போய்விடும். "ஒக்வுச்சி புதுசா போட்ட குழாய்தானேம்மா" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பேத்தி சோம்டோவுக்கு மூன்று வயது. பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்து போனாள். முற்றமே அழுதது. நான் அழவில்லை. போன பிள்ளை எங்கள் வீட்டிலேயே மறுபடி பிறக்கும். வெட்டிய மரம் பிறக்காது. குடும்பத் தலைவன் இதையெல்லாம் எடைபோட்டுத்தான் ஆகவேண்டும். இன்று கேட்டாலும் இதையேதான் செய்வேன்.

அந்தத் தண்ணீர் ஆளைக் கொல்லும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள். மண்ணை மூடிய அன்றிலிருந்து நான் கடையில் விற்கும் பைத்தண்ணீரைத்தான் குடிக்கிறேன்.